படம் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

‘பொன்னியின் செல்வன்’ படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடி வருகிறவர்களை நம் வாசக உலகம் இரண்டாம் பந்தியில்தான் உட்காரவைக்கிறது. திண்டுக்கல் புத்தகத் திருவிழாவில் ஐந்து பாகக் கட்டைக் கையில் எடுத்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிற்கும் பெரியவர் விசாரிக்கும் தொனியைக் கேட்டால் தெரியும். “படம் பாத்துட்டியாப்பா?” ஆமாம் என்றால் உச்சுக் கொட்டுவார். “போச்சு. இனிமே வந்தியத்தேவன்னா உனக்குக் கார்த்தி மூஞ்சிதான் வரும். நாங்கல்லாம் படிச்சப்ப அவரவர் மனசுல ஒரு உருவம் இருந்துச்சு.” பிள்ளை தப்புச் செய்தவன் போல நிற்கும். சில சமயம் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டும் போகும்.

முதலில் புத்தகம், பிறகு படம். வரிசை மாறினால் வாசிப்பே கெட்டது. இந்தத் தீர்ப்பு இப்போது பட்டிமன்றத்திலும் கல்லூரி வகுப்பிலும் டீக்கடையிலும் மறுபேச்சில்லாமல் ஓடுகிறது. மற்ற நாவல்களை விடுங்கள். கல்கியின் நாவலுக்கு இதைச் சொல்வது கல்கியையே அறியாத பேச்சு.

பெரியவர்கள் மனத்தில் இருந்ததாகச் சொல்லும் அந்த ‘அவரவர் உருவ’த்தையே எடுத்துக்கொள்வோம். 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடர் தொடங்கியது. முதல் வாரத்திலிருந்தே அதில் மணியம் வரைந்த படங்கள் இருந்தன. வந்தியத்தேவன் குதிரை மேல் எப்படி உட்கார்ந்திருந்தான், நந்தினி எப்படிக் கொண்டை போட்டிருந்தாள், குந்தவையின் பார்வை எப்படி, ஆழ்வார்க்கடியானின் தொந்தி எவ்வளவு என்று எல்லாவற்றையும் மணியம் தீர்மானித்துக் கொடுத்துவிட்டார். கல்கியோடு பயணம் போய்ச் சிற்பங்களையும் சித்திரங்களையும் பார்த்து வந்து வரைந்த கை அது. பிறகு அதே இதழ் இக்கதையை மறுபடி மறுபடி தொடராக வெளியிட்டபோது வினு, பத்மவாசன் என்று வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். அந்தந்தத் தலைமுறைக்கு அந்தந்தக் குந்தவை. ஆக, யாருடைய முகமும் ஒட்டாத வெள்ளைத் தாளில் இந்த நாவலைப் படித்த தலைமுறை என்று ஒன்று தமிழ்நாட்டில் கிடையாது. மணியத்தின் நந்தினியைப் பார்த்துவிட்டுப் படிப்பது கற்பனை, ஐஸ்வர்யா ராயைப் பார்த்துவிட்டுப் படிப்பது கற்பனைக் கொலை என்றால், இவர்கள் கோபம் முகத்தின் மேல் இல்லை, சினிமாவின் மேல்.

அந்தக் கோபத்துக்குக் கல்கியைத் துணைக்கு அழைக்கவும் முடியாது. 1939-ல் அவர் ‘ஆனந்த விகட’னில் ‘தியாகபூமி’ எழுதினார். கே. சுப்ரமணியம் அதே கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியம் போடவில்லை. எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த படத்தின் புகைப்படங்களையே அத்தியாயத்தோடு அச்சிட்டார்கள். வாசகர்கள் பாபநாசம் சிவனையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் பேபி சரோஜாவையும் கண்ணால் பார்த்தபடியே கதையை வாரவாரம் வாசித்தார்கள். தொடரைப் படித்தவர்கள் தியேட்டருக்குப் போனார்கள், தியேட்டருக்குப் போனவர்கள் பத்திரிகை வாங்கினார்கள். எது முதல், எது இரண்டாவது என்று கல்கி கேட்கவில்லை. கேட்கிறவராக இருந்தால் 1945-ல் வந்த ‘மீரா’வுக்குப் பாட்டு எழுதப் போயிருப்பாரா?

இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. 1958-லேயே எம்.ஜி.ஆர். ‘பொன்னியின் செல்வ’னைப் படமாக எடுப்பதாக அறிவித்தார். விபத்து ஒன்றில் அடிபட்டதும் வேறு காரணங்களும் சேர்ந்து அது நின்றுபோனது. பின்னாளில் இயக்குநரான மகேந்திரன் எம்.ஜி.ஆருக்காக இந்த நாவலுக்குத் திரைக்கதை எழுதியவர்தான். அந்தப் படம் வந்திருந்தால்? இன்று உச்சுக் கொட்டுகிறவர்களில் பாதிப் பேர் எம்.ஜி.ஆர். முகத்தோடுதான் வந்தியத்தேவனைப் படித்திருப்பார்கள், அதைப் பெருமையாகவும் சொல்லியிருப்பார்கள். மணிரத்னத்தின் முதல் பாகம் வர 2022 செப்டம்பர் 30 வரை ஆயிற்று. நடுவில் அறுபத்து நான்கு வருஷம் யாராலும் எடுக்க முடியவில்லை என்பதால்தான் ‘முதலில் புத்தகம்’ படித்தவர்கள் ஆனார்கள். எடுக்கப்படாமல் போன ஒரு படத்தின் புண்ணியத்தை ரசனையின் உயரமாகக் கணக்கு எழுதுவது நியாயமில்லை.

கதை முன்னாலேயே தெரிந்துவிட்டால் படிக்க என்ன இருக்கிறது என்பது அடுத்த வாதம். இதைத் தமிழ்நாட்டில் நின்றுகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. இராமன் காட்டுக்குப் போவான், சீதையை இராவணன் தூக்கிப்போவான் என்று தெரியாமல் கம்பனைத் திறந்தவர் யார்? தோல்பாவைக் கூத்தில் பார்த்து, பாட்டி சொல்லக் கேட்டு, பஜனை மடத்தில் பாடக் கேட்டு, எல்லாம் தெரிந்த பிறகுதான் நூலுக்கு வந்தார்கள். தெரிந்த கதையை இவன் எப்படிச் சொல்கிறான் என்று பார்க்கத்தான் வந்தார்கள். ‘அடுத்து என்ன’ என்ற பதைப்பு வாரப் பத்திரிகை தந்தது. அதன் ருசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதைப்பு இருக்கும்வரை கல்கி என்கிற எழுத்தாளரைப் பாதி வாசகர்கள் கவனிப்பதே இல்லை; கண் பக்கத்தின் அடிவரிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

படம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்த ஓட்டம் இல்லை. அவர் நின்று பார்க்கிறார். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரை நடத்தி வருகிற முதல் அத்தியாயத்தையே எடுங்கள். ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று கேள்விப்பட்டதை அவன் எண்ணிப் பார்த்துக்கொண்டே வருகிறான். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற இன்றைய வீராணம்தான் அது. எங்கள் வடமதுரை போன்ற மானாவாரிக் காட்டிலிருந்து, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று எட்டிப் பார்த்தே வளர்ந்த ஒருவனுக்கு, கடல் மாதிரி விரிந்த ஓர் ஏரியைப் பக்கம் பக்கமாக வர்ணிப்பது கதைக்கு இடைஞ்சலாகவே படும். எதிரி எப்போது வருவான் என்று அவன் தாண்டிப் போவான். எதிரி யார் என்று ஏற்கெனவே தெரிந்தவன் தாண்டுவதில்லை. ‘பொன்னி நதி’ பாட்டில் கண நேரத்தில் பறந்துபோன தண்ணீரை இங்கே ஆற அமர உட்கார்ந்து பார்க்கிறான்.

அடுத்த அத்தியாயத்திலேயே ஆழ்வார்க்கடியான் நடுத்தெருவில் சைவரோடும் அத்வைதியோடும் சண்டை போடுகிறான். ஜெயராம் அந்தப் பாத்திரத்தை அருமையாகச் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாக்குவாதத்தில் கல்கி மூன்று பேரையுமே கேலி செய்கிற நயம் எழுத்தில்தான் கிடைக்கும். அதே ஊரில் பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு ஒரு மூடுபல்லக்கு போகிறது. திரை கொஞ்சம் விலகுகிறது. ஒரு கை, கண நேரம் ஒரு முகம். பல்லக்கில் யார் என்று தெரியாதவனுக்கு அது மர்மம். நந்தினியைத் தெரிந்தவனுக்கு அடிவயிற்றில் ஒரு பயம். இரண்டில் எது உசத்தி? எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிக நேரம் நிற்கிறது. கடம்பூர் மாளிகையில் அந்தப் பல்லக்கு மறுபடி திறக்கும்போது கல்கி என்ன செய்கிறார் என்பதைப் படித்தே பாருங்கள்.

படம் எல்லாவற்றையும் காட்டிவிட்டது என்கிறார்களே, அதுவும் பொய்க் கணக்கு. நாவலில் 293 அத்தியாயங்கள். படம் இரண்டு பாகமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். மணிரத்னமும் குமரவேலும் ஜெயமோகனும் கதையின் முதுகெலும்பை எடுத்துக்கொண்டார்கள், வேறு வழியில்லை. மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. கந்தமாறனின் தங்கை. அண்ணன் சொல்லக் கேட்டே வந்தியத்தேவன் மேல் மனத்தைப் பறிகொடுத்தவள். கடைசியில் கரிகாலன் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிகிறவள். இவ்வளவு பெரிய நாவலைக் கல்கி குந்தவையிடமோ அருள்மொழியிடமோ கொண்டுபோய் முடிக்கவில்லை, இந்தப் பெண்ணிடம் முடிக்கிறார். படத்தின் வழியாக வந்தவருக்கு அவள் முழுக்க முழுக்கப் புதியவள். எந்த நடிகையின் முகமும் அவள்மேல் ஒட்டியிருக்காது. கற்பனை, கற்பனை என்று கூவுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சேந்தன் அமுதன் இன்னொருவன். படத்தில் வந்தான், போனான். நாவலில் அவனை வைத்துக் கல்கி செய்திருக்கும் காரியம் வேறு. சோழ சிம்மாசனம் கடைசியில் யாருக்குப் போகிறது என்பதே படத்தில் ஒரு விதம், புத்தகத்தில் ஒரு விதம். அதற்கு மேல் இங்கே சொல்லமாட்டேன். கரிகாலனின் முடிவை எடுத்தாலும் அப்படித்தான். படம் அந்த அறையில் நடந்ததை நம் கண்ணெதிரே நடத்திவிடுகிறது. கல்கி விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொருவர் வாயாலும் ஒவ்வொன்றைச் சொல்லவைத்து நம்மைக் குழம்ப விடுகிறார். முடிவு தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்தி வந்தவர் ஐந்தாம் பாகத்தில் தடுமாறுகிற இடம் அது.

ஒரு கிளைப்பேச்சு. நாங்கள் பாண்டி நாட்டுக்காரர்கள், எங்கள் ஊர்ப் பெயரே வடமதுரை. ஆதித்த கரிகாலனுக்கு ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்று பட்டப்பெயர். அந்தத் தலை எங்கள் தலை. படத்தில் சோழக் கொடி பறக்கும்போது இங்கேயும் விசில் அடித்தார்கள், நானும் ரசித்தேன். ஆனால் அந்தத் தலைக்குப் பழிவாங்கத் துடிக்கும் ரவிதாசன் கூட்டத்தை வெறும் வில்லன்களாக எண்ணிக்கொண்டு நாவலுக்குள் போனால் கல்கி அப்படி விடுவதில்லை. ஆபத்துதவிகள் சபதம் செய்தவர்கள். ராஜாவின் உயிரைக் காக்க முடியாமல் போனவர்கள். திருப்புறம்பியம் பள்ளிப்படையில் நள்ளிரவில் ஒரு சிறு பையனை உட்காரவைத்துப் பட்டம் கட்டுகிறார்களே, அந்த இடத்தில் சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. ரவிதாசனும் சோமனும் பரமேசுவரனும் உடையார்குடிக் கல்வெட்டில் பெயர் உள்ள நிஜ மனிதர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து வாசகன் நாவலை இந்தக் கோணத்தில் படிக்க, எனக்குத் தெரிந்து, ரவிதாசனாக நடித்த கிஷோரின் முகம்தான் பலருக்கு வாசலாக இருந்தது. அவர் கண்ணில் இருந்த வெறிக்குக் காரணம் தேடித்தான் அவர்கள் புத்தகத்துக்கு வந்தார்கள்.

உண்மையில் இந்த நாவல் சரித்திரத்தைவிட நம் விக்கிரமாதித்தன் கதைக்கும் மதனகாமராஜன் கதைக்கும்தான் நெருங்கிய சொந்தம். சுரங்கப் பாதை, ஆந்தைக் குரல், வால்நட்சத்திரம், ஊமை ராணி, கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைத் தன் காதலர்கள் என்று காட்டும் ஓடக்காரப் பெண். இப்படிப்பட்ட கதைகள் வாய்க்கு வாய், கைக்குக் கை மாறித்தான் வளரும். வெளிநாட்டிலும் இதே கதைதான். டயானா வின் ஜோன்ஸ் 1986-ல் எழுதிய ‘ஹவுல்ஸ் மூவிங் காஸில்’ என்ற மாயக் கதையை மியாசாகி 2004-ல் படமாக்கினார். படத்தில் போர் பெரிதாக வருகிறது. புத்தகத்திலோ மந்திரவாதி ஹவுலின் வீட்டுக் கதவு ஒன்று நம் காலத்து வேல்ஸ் நாட்டில் போய்த் திறக்கிறது. அங்கே அவன் சாதாரணக் குடும்பத்துப் பையன். படத்தில் மயங்கி வந்தவர்களுக்கு அந்தக் கதவு எதிர்பாராத பரிசு. மூல ஆசிரியை படத்தின் மேல் கோபித்துக்கொள்ளவில்லை; பிடித்திருக்கிறது என்றார்.

நம்மிடமே பாருங்கள். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பா’ளை இன்று யாராவது தேடிப் படித்தால், 1968 படத்தின் சிவாஜியும் பத்மினியும் அனுப்பிவைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். பூமணியின் ‘வெக்கை’ 1982-ல் வந்த நாவல். 2019-ல் ‘அசுரன்’ வந்த பிறகு அதைக் கையில் எடுத்தவர்கள் முதல் பக்கத்திலேயே திடுக்கிட்டார்கள். படம் அப்பா சிவசாமியின் கதை, நாவல் பையன் சிதம்பரத்தின் கதை. தனுஷை எதிர்பார்த்து வந்தவர்கள் பதினைந்து வயதுப் பையனோடு காட்டில் அலைய வேண்டியிருந்தது. அலைந்தார்கள்.

இனி இந்த முகச்சுளிப்புக்கு அடியில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதி பரண்மேல் இருந்த வீடுகள் எவை? பத்திரிகை வாங்கிய வீடுகள். வடமதுரையிலும் வேடசந்தூரிலும் விடியக்காலை மில் வேனுக்கு நிற்கிற வீடுகளில், அய்யலூர் சந்தைக்கு ஆடு ஓட்டிப்போகிற வீடுகளில் அப்படி ஒரு பரண் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு 2,000 பக்கத்துக்கு மேற்பட்ட நாவல் என்பது கதவு தெரியாத கோட்டை. பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், பார்த்திபேந்திரன், பூதி விக்கிரமகேசரி என்று பெயர்கள் மூச்சு முட்டவைக்கும். படம் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகத்தைக் கொடுத்து அந்தப் பயத்தைப் போக்கியது. எங்கள் தெருவில் மில்லுக்குப் போகும் ஒரு பெண் முதல் பாகத்தை இரவல் வாங்கிப் போனவள், பாதியில் வந்து கேட்டாள்: “அண்ணே, சரத்குமாருக்கு ஒடம்புல அறுபத்து நாலு காயமாமே, படத்துல சொல்லவே இல்லியே?” பெரிய பழுவேட்டரையரை அவள் இன்னும் சரத்குமார் என்றுதான் சொன்னாள். அதனால் என்ன கெட்டுவிட்டது? கிழப் புலியின் அறுபத்து நான்கு விழுப்புண்ணையும் எண்ணிவைத்திருக்கிறாள். பரண் வீட்டுக்காரர்கள் எத்தனை பேருக்கு அந்த எண்ணிக்கை நினைவிருக்கும்?

நடிகர் முகம் நாவலை விழுங்கிவிடும் என்ற பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. முதல் பாகம் முழுக்க அந்த முகங்கள் கூடவே வரும். ஆனால் படம் ஒரு மாலைப்பொழுது. நாவலோ மாதக்கணக்கில் வீட்டில் குடியிருக்கிற விருந்தாளி. பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, வாயால் கெட்டு, அதே வாயால் தப்பிக்கிற கல்கியின் வந்தியத்தேவன் ‘சுழற்காற்று’ முடிவதற்குள் தன் முகத்தைத் தானே வாங்கிக்கொள்கிறான். படத்தோடு நின்றுவிடுகிறார்களே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நின்றுவிட்டவர் புத்தகக் கடைக்கு வரவே இல்லை. வந்தவர் படம் போதவில்லை என்றுதான் வந்தார். அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு திட்டுவது யாருக்கோ விழ வேண்டிய அடியை வேறு யாருக்கோ கொடுப்பது.

இந்த ஏளனமும் பழசுதான். கல்கி எழுதிக்கொண்டிருந்த நாளிலேயே ‘ரசமட்டம்’ என்ற பெயரில் புதுமைப்பித்தன் ‘தினமணி’யில் அவரைப் போட்டுத் தாக்கினார். க.நா.சு. போன்ற விமர்சகர்கள் தொடர்கதையை இலக்கியக் கணக்கில் சேர்க்கவே தயங்கினார்கள். வாரப் பத்திரிகை படிக்கிறவன் வாசகனா என்பது அன்றைய கேள்வி. அந்தக் கேள்விக்குக் கூசி நின்றவர்களின் பிள்ளைகள் இன்று சினிமா பார்த்து வந்தவன் வாசகனா என்று கேட்கிறார்கள். இடம் கிடைத்ததும் கதவைச் சாத்துகிற புத்தி!

நூலகர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேட்டு வருகிற பிள்ளையிடம் படம் பார்த்தாயா என்று விசாரணை வைக்காதீர்கள். பார்த்திருந்தால் வேலை பாதி முடிந்தது என்று எண்ணி முதல் பாகத்தை எடுத்துக் கொடுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. மலிவுப் பதிப்புக்குப் பஞ்சமில்லை, மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்து முடித்துக் கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பார்க்க ஆசை வந்தால் நம் ஊரிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம். நாவலில் வரும் வானதியின் ஊர் அது.

படம் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘புது வெள்ள’த்தின் முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள்; படம் விட்ட இடத்தைத் தேடாதீர்கள். சரித்திரக் குறிப்புகள் அலுத்தால் தாராளமாகத் தாண்டுங்கள், கல்கி கோபிக்கமாட்டார். சேந்தன் அமுதன் வருகிற பக்கங்களை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.